மாயாக் கொட்டகையில் எத்தனை இருக்கைகள்

கடலே இல்லாத நாட்டில்
ஒரு சினிமாக் கொட்டகைக்குக்
கலங்கரை விளக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
செக் மொழியில் மாயாக்.
இப்போது அதில் டயர் விற்கிறார்கள்.

கைபேசியில் புதிர் இப்படி இருந்தது:
தெருவைப் பார்த்த கதவுகள் எத்தனை,
ஆபரேட்டர் அறைக்குப் படிகள் எத்தனை,
அது கிழக்கு.
படம் பார்க்க இருக்கைகள் எத்தனை,
பதினேழால் பெருக்கு,
கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்,
அது வடக்கு.
டப்பாவை ஒளித்தவர்: ஹாவ்ரானெக்,
ஓய்வுபெற்ற காஸ் மீட்டர் கணக்கெடுப்பாளர்.
இரண்டு வருடமாக யாரும் எடுக்கவில்லை
என்று ஒரு வரி எழுதியிருந்தார்,
பெருமையா வருத்தமா, தெரியவில்லை.

வாசலில் நகராட்சி பதித்த பித்தளைத் தகடு
முன்னூற்றுப் பதினெட்டு இருக்கைகள் என்கிறது.
பெருக்கினேன்.
இரவுப் பேருந்தை டெப்போவில் விட்டுவிட்டுச்
சீருடையோடே நடந்தேன்.
எண்கள் என்னை அணைக்குளத்துக் கரையில் நிறுத்தின.
அம்புக்குறி இன்னும்
தண்ணீருக்குள் போ என்றது.
அது காட்டிய இடத்தில் ஒரு வாத்து
தலையை முதுகில் செருகித் தூங்கிக்கொண்டிருந்தது.
சேற்றில் வேறு பூட்ஸ் தடங்கள்,
வந்த வழியே திரும்பியவை.

சனிக்கிழமை டயர் கடைக்குப் போனேன்.
லுபோர் எதையும் கேட்கவில்லை,
ஒரு டயரை நிமிர்த்தி வைத்து
கையை எடுத்துக் காட்டினான்.
அது தானாக உருண்டது,
திரை இருந்த சுவரை நோக்கி.
தரை இன்னும் சரிவை மறக்கவில்லை.
"பன்னிரண்டு வருஷமா செங்கல் முட்டுக் கொடுத்தே
முதுகு போச்சு" என்றான்.

தரையில் போல்ட் துளைகள்.
ஒரு நாற்காலிக்கு நான்கு.
முழங்காலில் டார்ச்சோடு ஊர்ந்தேன்,
ரப்பர் நாற்றம், எண்ணெய்க் கறை,
பத்தாவது வரிசையில் உறைந்த சூயிங்கம்.
ஒரு தடவை எண்ணிக்கை தப்பியது.
மறுபடி முதலிலிருந்து.
ஆயிரத்து இருநூற்று அறுபத்தெட்டு.
நான்கால் வகுத்தால்
முன்னூற்றுப் பதினேழு.

தகடு பொய் சொல்கிறதா?

வலப்பக்கக் கதவோரம் சுவரில் இரண்டு கொக்கிகள்,
வாளி மாட்ட.
எனாமல் பலகை, பாதி உரிந்தது:
தீயணைப்புக் காவலர்.
அதன் கீழே பலகைத் தரையில்
போல்ட் இல்லாமல் நாலு குழிகள்,
நாற்காலிக் கால் தேய்த்தவை.
திரைப் பக்கத்து இரண்டு மட்டும் ஆழம்.
சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான்.
பின்னங்கால்கள் திரைப் பக்கம் என்றால்
முகம்
எங்களைப் பார்த்து.

எந்தப் படத்தையும் பார்க்காமல்
எல்லாப் படத்துக்கும் வந்தவன்.
முன்னூற்றுப் பதினேழு முகங்களில்
வெளிச்சம் மாறுவதை வைத்து
மழை என்றும் சண்டை என்றும்
தெரிந்துகொண்டிருப்பானா?
சிரிப்புக்கு முந்தின அரை நொடி
அவனுக்குத்தானே முதலில் தெரிந்திருக்கும்?
யார் கை யார் கை மேல் இருந்தது என்பதை
வீட்டில் போய்ச் சொன்னானா?
பெயர் எங்கும் இல்லை.
லுபோருக்கும் தெரியவில்லை.

படம் பார்க்க, என்றுதான் கேட்டிருந்தார் ஹாவ்ரானெக்.
மீட்டர் படித்த மனிதர்,
ஒரு சொல்லை வீணாக்கமாட்டார்.

ஒரு நாற்காலியைக் கழித்தால்
முப்பது மீட்டர் தெற்கே நகர்கிறது உலகம்.
தண்ணீரிலிருந்து கரைக்கு,
கரையிலிருந்து தீயணைப்பு நிலையத்தின்
பின்பக்க வேலிக்கு.
ஹோஸ் உலர்த்தும் கோபுரத்தடியில்
ஒரு கல் மட்டும் பாசி பிடிக்காமல் இருந்தது.
அதன் பின்னால் ஃபிலிம் டப்பா,
மூடி துருவேறி இறுகியிருந்தது,
பேருந்துச் சாவியால் நெம்பினேன்.

உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம், வெறுமையாக.
ஒரு பென்சில்.
கிழிக்காத டிக்கெட் ஒன்று,
இருக்கை எண் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு சிறிய கோடு.

ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கவேண்டும், அதுதான் விதி.
டிக்கெட்டை எடுக்கவில்லை.
ஆனாலும் சட்டைப் பையிலிருந்து
பதினாலாம் வரிசையில் கிடைத்த போல்ட்டை
எடுத்து உள்ளே போட்டேன்.
தேதி எழுதினேன்.
பெயர்: பொஹ்தானா, பத்தாம் எண் பேருந்து.

அன்றிரவு கடைசி வண்டியில் ஆறு பேர்.
கண்ணாடியில் அவர்களைப் பார்த்தேன்,
கைபேசி வெளிச்சம் முகத்துக்கு முகம் மாறிக்கொண்டிருந்தது.
பின் சீட்டில் ஒருத்தி சிரித்தாள்.
எதற்கு என்று தெரியாது.
சிக்னல் பச்சையாகி
பின்னால் ஹார்ன் அடிக்கும்வரை
நகரவில்லை நான்.